சனிக்கிழமை அந்தப் பிள்ளையை ஓடவிடாதே

கௌதம்,

ரெண்டு வரிக்கு மேல் நான் எழுதி நீ பார்த்திருக்கமாட்டாய். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு என் கடிதப் போக்குவரத்து முடிந்துவிடுகிறது என்று நீயே கேலி செய்வாய். இப்போது உன் தங்கச்சி யசோவின் பழைய நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். முடித்ததும் அவளே ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். போனில் சொன்னால் நடுவில் சிரித்து, "சரி நைனா, சரி நைனா" என்று என்னைச் சமாளித்து வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. இன்று செவ்வாய். சனிக்கிழமை காலையில் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மேட்ச். அதற்குள் நீ இதைப் படித்துவிடவேண்டும், அதுதான் என் அவசரம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டாய். தாய்லாந்துக்குப் போய் அந்த வடக்கு மலைப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகவும் கால்பந்து கோச்சாகவும் நீ சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் அம்மாவுக்கு நீ கூப்பிட்டால் முதலில் மலையைப் பார்க்கவேண்டும். "மலைய காட்டுடா" என்றாள். நீ போனைத் திருப்பினாய். மலை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, அழுக்குப் போர்வையை விரித்துக் காயப்போட்டது போலிருந்தது. சோளம் அறுத்த பிறகு அடித்தாளைக் கொளுத்துகிறார்கள், காட்டிலும் தீ, இந்த மாசத்தில் வருஷாவருஷம் இப்படித்தான் என்றாய். பாதிப் பிள்ளைகள் மாஸ்க் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வெளியே விளையாடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்றும் நீயேதான் சொன்னாய். அப்படியானால் உங்கள் மேட்ச் என்ன ஆகும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். "நைனா, நான் மணலி காத்துல வளந்தவன். இதெல்லாம் ஒரு பொகையா?"

அப்போதுதான் உனக்குப் பின்னால் அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றாள். தோள் ரெண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கின. யார் அது என்று கேட்டேன். பெயர் ப்ளோய், பன்னிரண்டு வயசு, இடது பக்கம் அவள் ஓடினால் ஒருத்தரும் பிடிக்கமுடியாது, அவள் இல்லாமல் டீமே இல்லை என்றாய். இளைப்பு இருக்கிறதா என்றேன். பிறவியிலேயே கொஞ்சம் உண்டாம், அவள் அப்பா கடைத்தெருவில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார், அவரே ஒன்றும் ஆகாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்றாய். போனை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். நெட்வொர்க் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். நெட்வொர்க்குக்கு ஒன்றும் இல்லை, நான்தான் அணைத்தேன்.

நம் ஊர் ஆட்களுக்கு ஒரு கெட்ட பெருமை இருக்கிறது, உனக்கே தெரியும். பஸ் திருவொற்றியூரைத் தாண்டி மணலிப் பக்கம் திரும்பினால் கண்ணை மூடிக்கொண்டே எந்த கெமிக்கல் கம்பெனி கேட் வந்திருக்கிறது என்று வாடையை வைத்துச் சொல்லிவிடுவோம். வெளியூர்க்காரர்கள் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்தால், "இன்னா சார், ஜலதோஷமா?" என்று கேட்டு நாமே சிரித்துக்கொள்வோம். கல்யாணம் ஆகி வரும் பெண்கள் முதல் மாசம் வாந்தி எடுப்பார்கள். பழகிடும் என்று நாத்தனார்கள் சொல்லுவார்கள். பழகியும் விடும். அதுதான் வினை. மூக்கு செத்துப்போனதை நாம் நெஞ்சுரம் என்று எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணத்தை நான்தான் உனக்கும் ஊட்டினேன், நீ அதைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய். உன் நெஞ்சை வைத்து அந்த மலைப்பிள்ளையின் நெஞ்சை அளக்கிறாய். இந்தத் தப்பை நான் ஒருமுறை செய்தேன். அதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. உன் அம்மாவுக்கும் முழுசாகச் சொல்லவில்லை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து நாம் மணலி புதுநகருக்கு வந்ததே என் வேலைக்காகத்தான். கம்பெனி பெயர் இந்த நோட்டில் எதற்கு, நீ தினமும் பார்த்து வளர்ந்த கேட்தானே. கான்ட்ராக்டில் ஹெல்பர். வியாசர்பாடியிலிருந்து நான் கொண்டுவந்த சொத்து கால்பந்து ஒன்றுதான். கம்பெனியின் பின்சுவருக்கு வெளியே கிடந்த காலி இடத்தில் முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, பிள்ளைகளைச் சேர்த்து சாயங்காலம் ஆடவிட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் தொட்டிகளுக்கு நடுவே உயரமான கம்பத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் காற்றுப்பை ஒன்று தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? ராட்சசன் சாக்ஸ் என்று நீயும் யசோவும் பெயர் வைத்திருந்தீர்கள். அது எதற்கு என்று நான் உங்களுக்குச் சொன்னதில்லை. வாயு கசிந்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, குறுக்கே ஓடித் தப்பிக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

யசோ விழுந்த நாள் நீ அங்கே இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயசு, எம்.கே.பி. நகரில் இங்கிலீஷ் டியூஷனுக்குப் போயிருந்தாய். நான்தான் உன்னை விரட்டி விரட்டி அனுப்புவேன், மறுநாள் மேட்ச் வைத்துக்கொண்டு டியூஷனா என்று நீ அழுதுகொண்டே பஸ் ஏறினாய். அவளுக்குப் பத்து வயசு. பையன்களோடு ஆடிய ஒரே பெண்பிள்ளை, எல்லாரையும்விட வேகம். மணி ஐந்தரை இருக்கும். வாடை வந்தது. தினமும் வரும் வாடை இல்லை, கண்ணைக் குத்துகிற வேறு வாடை, எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்திருந்த ஒரு அம்மாள் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இது என்னங்க நாத்தம் என்று கேட்டார். அது அப்படித்தாம்மா, பழகிடும் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு நிமிர்ந்து காற்றுப்பையைப் பார்த்தேன். நன்றாக உப்பி, நேராக எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

பார்த்தேன் கௌதம். தெரியாமல் நடந்தது என்று நீ எனக்காக வாதாடக்கூடாது, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மறுநாள் ஃபைனல், கார்னர் கிக் அடித்துப் பழகுவது ஒன்று பாக்கி இருந்தது, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று மனசுக்குள் பேசி முடித்தேன். பத்து நிமிஷம் ஆகவில்லை. யசோ ஓடிக்கொண்டிருந்தவள் நின்றாள், உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். மற்றப் பிள்ளைகள் இருமிக்கொண்டே ஓடிவிட்டார்கள். இவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்தேன். உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. நல்ல மாதிரி. யசோவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கம்பெனி யூனிஃபார்ம் சட்டையில் நின்றுகொண்டிருந்தேன். விளையாடிய இடத்தில் ஏதாவது வாடை வந்ததா, கெமிக்கல் ஏதாவது இருந்ததா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று ரெண்டு முறை கேட்டார்.

"ஒண்ணியும் இல்ல மேடம். அதுக்கு பொறந்ததுலேர்ந்தே இளைப்பு கீது."

யாரும் என்னை மிரட்டவில்லை. கம்பெனியிலிருந்து ஒருத்தரும் வந்து இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு என்று கேட்கவில்லை. என்னை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பயந்துதான் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன், பிழைப்புக்காகச் செய்த பொய் என்றால் கொஞ்சம் மன்னிக்கத் தோன்றுகிறது பார். நிஜம் அதுமட்டும் இல்லை. வாயு என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: தெரிந்துமா பிள்ளைகளை நிறுத்திவைத்தீர்கள்? அந்தக் கேள்வியை உன் அம்மா காதில் விழும்படி யாரும் கேட்டுவிடக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன். வெட்கம். வேறொன்றும் இல்லை.

இளைப்புக்கு என்ன உண்டோ அதைச் செய்து மறுநாள் காலையில் அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு ஒரு மாசம் ஆஸ்பத்திரிதான். மழையில் நனைந்து சளி கட்டிக்கொண்டது என்று உனக்குச் சொன்னோம், நீயும் நம்பினாய். வேறொரு பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, முதல் நாளே தெரிந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் கூடவே வைத்துக் கவனித்திருப்பார்கள், இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று சாதாரணமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். இன்றைக்கு அவளுக்கு இருபத்தேழு வயசு. திருவொற்றியூரில் அந்த இ-சேவைக் கடைக்கு வேலைக்குப் போகிறாள், பஸ்ஸ்டாப்பிலிருந்து கடைக்குப் போவதற்குள் ரெண்டு இடத்தில் நின்று போனைப் பார்ப்பது மாதிரி பாவனை செய்கிறாள். பையில் மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. நீ அங்கிருந்து மலைத்தேன் அனுப்புகிறாய், இளைப்புக்கு நல்லது என்று. ஒவ்வொரு பாட்டிலையும் நான்தான் பிரித்து அலமாரியில் வைக்கிறேன். கை கூசுகிறது.

இப்போது உன் விஷயம். உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. உன் விசா அந்தப் பள்ளிக்கூடத்தின் கையில் இருக்கிறது, அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கவேண்டும், ஹெட்மாஸ்டருக்கு இந்த மேட்சில் ஜெயித்தால் கிடைக்கும் கோப்பையின்மேல் கண். கான்ட்ராக்ட் என்ற வார்த்தை நம் குடும்பத்தை விடாது போலிருக்கிறது. ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் சொன்னாய், பெருமையாக. உன் இங்கிலீஷ் வகுப்பில் 'ஐ காண்ட்' என்று யாரும் சொல்லக்கூடாதாம். சொன்னால் மைதானத்தை ஒரு சுற்று ஓடவேண்டுமாம். பிள்ளைகளுக்குத் தைரியம் வருவதற்காக என்றாய். நல்ல எண்ணம்தான். ஆனால் யோசித்துப் பார். அவள் பாஷை உனக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். உன் பாஷையில் அவளுக்குத் தெரிந்தது நீ சொல்லிக்கொடுத்ததுதான். முடியவில்லை என்று உன்னிடம் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே வார்த்தையையும் நீ பிடுங்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், அங்கே எல்லாரும் எதற்கும் சிரிப்பார்கள் என்று நீதான் ஒருமுறை எழுதினாய். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

அவள் அப்பா போட்ட கையெழுத்தையும் நம்பாதே. அந்த நூடுல்ஸ் கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பிறவியிலேயே உண்டு என்று ஒரு அப்பன் சொன்னால் அதற்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் பிள்ளை ஓடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும், வாத்தியார் முகத்தை முறித்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கும், வருஷாவருஷம் புகையைப் பார்த்துப் பழகியிருக்கும். நீ போய் ஹெட்மாஸ்டரிடம் சொல்லு. பதமாகச் சொல்லு, கோபப்படாதே, என் கோபம் உனக்கும் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடம் நிறுத்தியதைச் சொல்லு. மலை தெரிகிற நாளில் ஆடுவோம் என்று சொல்லு. கேட்கவில்லை என்றால் எனக்குக் காய்ச்சல், டீமை இறக்கமாட்டேன் என்று படுத்துக்கொள். கோச் இல்லாமல் ஆடவைப்பார்களா, வைப்பார்களோ என்னவோ. அப்படியும் நடக்கப்போகிறது என்றால் கடைத்தெருவுக்குப் போய் அந்த அப்பாவைப் பார், மொழி பெயர்க்க யாரையாவது கூட்டிக்கொண்டு போ, என் மகளின் கதையைச் சொல்லு. வேலை போனால் வா. மணலியில் இங்கிலீஷ் படிக்க ஆள் இல்லாமலா போய்விட்டது? வரமாட்டேன் என்றால் வேறு ஊர் தேடு. இதில் எல்லாம் உனக்கு வாக்குறுதி கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, நான் செய்யாத காரியத்தைத்தான் உன்னைச் செய்யச் சொல்கிறேன்.

இதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை எழுதினேன். இன்று புதன். காலையில் யசோ வேலைக்குக் கிளம்புமுன் நோட்டைக் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பும்மா என்றேன். நான் கோழை இல்லையா, படிக்காமல் எடுத்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அம்மா தோசைக்கல்லை வைத்துவிட்டு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யசோ சத்தமாகவே அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள், ஆஸ்பத்திரிப் பக்கம் வந்ததும் நான் எழுந்து போகப் பார்த்தேன், உட்காரு என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். கல்லில் தோசை கருகுகிற வாடை எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை போலிருக்கிறது. யசோ நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு, அவசரப்படாமல் பேசினாள்.

"எல்லாத்தயும் எய்திக்கிற. ஒண்ண மட்டும் வுட்டுட்ட நைனா."

என்ன என்று கேட்டேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

"நான் கைய தூக்கினேன். நீ பாத்த. இன்னும் ஒரு ரவுண்டுன்னு வெரல காட்டின."

பதினேழு வருஷமாக அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பத்து வயசுப் பிள்ளை, மூச்சு முட்டிக்கொண்டிருந்தவள், என்னத்தைக் கவனித்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். ஆமாம், பார்த்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன். "நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். பிறகு நோட்டையும் பேனாவையும் என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அத்த எய்து. அத்த படிச்சாதான் அண்ணன் நிறுத்துவான்."

எழுதிவிட்டேன். உன் தங்கச்சி கையைத் தூக்கினாள், நான் பார்த்தேன், ஒரு விரலைக் காட்டினேன், அவள் திரும்பி ஓடினாள். சனிக்கிழமை உனக்கு எட்டு மணி என்றால் எங்களுக்கு ஆறரை. நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். ஆடவில்லை என்று ஒரு வார்த்தை மட்டும் போடு.

நைனா